மறுவீட்டு வழியில் ஒரு பரீட்சை

அத்தியாயம் 14

கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மொய் செய்து, சாப்பிட்டு, சாம்பாரில் உப்புக் குறைவு என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். கிருபாபாய் மட்டும் பந்தியில் உட்காராமல் என்னை மண்டபத்தின் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பந்த் காரணமாகத் தள்ளிப்போயிருந்த எங்கள் கடைசிப் பரீட்சைக்குப் புதுத் தேதி பேப்பரில் வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

வெள்ளிக்கிழமை காலையில்தான் மறுவீடு.

மணப்பெண் செல்லக்கனி வேறு யாரோ ஒரு பெண்ணாக இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவள் என் அண்ணன் வைகுண்டராஜுக்குப் பெண்டாட்டி ஆனது புதன்கிழமை. எனக்குக் கூட்டாளி ஆனது ஆறாம் வகுப்பில். நானும் அவளும் கிருபாவும் ராஜபாளையத்துக் காலேஜில் ஒரே வகுப்பு, பி.எஸ்ஸி. கணிதம், மூன்றாம் வருஷம். ஆக, மாலையும் கழுத்துமாக மறுவீட்டுக்குப் போக வேண்டியவளும் அவள்தான், பேனாவும் கையுமாக ஹாலில் உட்கார வேண்டியவளும் அவள்தான்.

"நவம்பர்ல எழுதிக்கிட்டாப் போச்சு" என்று வீட்டில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நவம்பரில் எழுதுகிறேன் என்று போன புதுப்பெண் ஒருத்தியையும் நான் பரீட்சை ஹாலில் பார்த்ததில்லை. நவம்பருக்குள் மசக்கை வந்துவிடும். அதற்கப்புறம் வளைகாப்பு, அதற்கப்புறம் தொட்டில், அதற்கப்புறம் "அந்தப் பிள்ளை நல்லாப் படிக்குமே" என்று ஊர் சொல்லும் ஒரு பெருமூச்சு. செல்லக்கனிக்கு அது நடந்துவிடக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு வெறி இருந்தது.

வெறி இருக்காதா? அவள் இல்லையென்றால் நான் கணக்குப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டேன்.

அப்பா தவசிமுத்து, பருத்திக்கொட்டை பிண்ணாக்குக் கடையை ராஜபாளையத்துக்கு மாற்றும் வரைக்கும் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்ச். கிருபா பேச்சுப் போட்டிக்கு, செல்லக்கனி கணக்குக்கு, நான் வம்புக்கு என்று எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. பள்ளிக்கூடத்தில் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனபோது எல்லாரும் மரத்தில் அணில் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மரத்தின் நிழலை அளந்து மரத்தின் உயரம் சொன்னாள். டீச்சர் அசந்துபோனார். எனக்குப் பொறாமை வரவில்லை, பசிதான் வந்தது. அவள் டிபன் பாக்ஸையும் சேர்த்து நான்தான் காலி செய்தேன்.

பிளஸ் டூ முடிந்ததும் அவள் கணக்கு எடுக்க, அவள் விழுந்த கிணற்றிலேயே நானும் குதித்தேன். மூன்று வருஷமாக எனக்கு நீச்சல் சொல்லித்தந்து கரையோரமாகவே இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். அவள் அப்பா சுயம்புலிங்கம் மாமா மாதம் ஒரு முறையாவது, "படிச்சு என்ன, கலெக்டராவா ஆகப் போற?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்குக் காசும் கொடுப்பார். மனிதர்களே அப்படித்தான்.

அண்ணனுக்கு அவளைப் பிடித்துப்போனதும் எங்கள் படிப்பின் புண்ணியத்தால்தான். இரண்டாம் வருஷம் வகுப்போடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். குளித்த சுகத்தில் நாங்கள் மூவரும் பாறையை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்க, வந்த பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. நடந்தே இறங்கினோம். பாதி வழியில் அண்ணன் சைக்கிளில் தேடி வந்தான். அவன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர், ஷிப்டு முடிந்த கையோடு எண்ணெய்ச் சட்டையோடு வந்திருந்தான். ஈரத்துணிப் பைகளை எல்லாம் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஊர் வரும் வரைக்கும் சைக்கிளை உருட்டியே வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க அண்ணன் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று செல்லக்கனி என் காதில் கேட்டாள். கேட்டுவிட்டு அவனை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மேல் ஒரு கோர்ட் உண்டு. அது சீனியம்மாள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். தேவதானத்தில் வயலும் மாடுமாக இருப்பவள், நல்லது கெட்டது என்றால் மஞ்சள் பையோடு வந்து இறங்கிவிடுவாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு வாயில் வருவது ஒரே வாக்கியம்தான்: "அக்கா சொன்னாச் சரி."

அத்தையின் சட்டப்படி, தாலி கட்டியதிலிருந்து மறுவீடு முடியும் வரை புதுப்பெண் தனியாக எந்த வாசலையும் தாண்டக் கூடாது. தாண்டினால் மாப்பிள்ளையோடு ஜோடியாகத் தாண்ட வேண்டும். மறுவீட்டுக்குப் புறப்பட்டுவிட்டால் நடுவழியில் இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது, கோயிலுக்கு மட்டும் விலக்கு. மாப்பிள்ளையைப் பெற்றவள் கூடப் போகக் கூடாது என்று இன்னொரு சட்டம். அதனால் அம்மாவுக்கு வீட்டுக்காவல். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளிக்கிழமை ராகுகாலம் பிறக்கும் முன்னே, அதாவது பத்தரைக்குள், பெண் வீட்டு நிலைப்படி மிதித்துவிட வேண்டும்.

பரீட்சை விஷயத்தை நான் நயமாக எடுத்துச் சொன்னேன். நயமாக என்றால், என் அளவுக்கு நயமாக. அத்தை கேட்டுவிட்டு, புதுப்பெண்ணிடமே திரும்பி, மறுவீட்டை விடப் பரீட்சை பெரிசா என்று கேட்டாள். செல்லக்கனி தலையைக் குனிந்தபடி, "இல்ல பெரியம்மா" என்று தலையாட்டினாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளை மதினி என்றும் கூப்பிடவில்லை, ஏட்டி என்றும் கூப்பிடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பருத்திக்கொட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். செத்த நேரத்தில் அவளே வந்தாள். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளில் ஒரு கட்டு அவள் கையில் இருந்தது. நாளைக்கு நீயாவது ஒழுங்காக எழுது என்று சொல்லி, பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கணக்காகப் போட ஆரம்பித்தாள். ஏணிக் கணக்கு, கப்பிக் கணக்கு, சாய்தளக் கணக்கு. மருதாணி சிவந்த கையால் அவள் போட்டுக்கொண்டே போக, எனக்குத்தான் சொல்லித்தருகிறாள் என்று நினைத்து நான் உருகிப்போனேன். தனக்கு இல்லாமல் போன பரீட்சைக்கு எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று அழுகைகூட வந்தது. என்னைப் போல ஒரு மக்கு உண்டா, சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் வேன் வாசலில் நின்றது. சீர்ப் பெட்டி, வாழைத்தார், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய அதிரச முறுக்குச் சட்டிகள் எல்லாம் ஏறின. அத்தை முன் சீட்டில். பின்னால் அப்பா, அண்ணன், புதுப்பெண், இரண்டு சித்திமார், கடைசியில் நான். கண் படாமல் இருக்க மாப்பிள்ளை கையில் ஓர் எலுமிச்சம்பழம், பெண் கையில் ஓர் எலுமிச்சம்பழம். காலேஜ் போகும் வழிதான். என்னை வாசலில் இறக்கிவிட்டு வேன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடும், நான் பரீட்சை முடிந்து பஸ்ஸில் வந்து சேர வேண்டும் என்று ஏற்பாடு.

காலேஜ் வாசலில் வேன் நின்றது. நான் யாரையும் பார்க்காமல் இறங்கினேன். பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். எனக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது.

செல்லக்கனி இறங்கி நின்றாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, ஒரு கையில் எலுமிச்சம்பழம். இன்னொரு கையால் இடுப்பு மடியிலிருந்து நாலாக மடித்த ஹால் டிக்கெட்டை எடுத்தாள்.

அத்தைதான் முதலில் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"எங்கட்டி எறங்குற?"

"பரீட்சை எழுதிட்டு வாரேன், பெரியம்மா."

"நேத்து கேட்டதுக்குத் தலையாட்டுனியே."

"ஆட்டுனேன். ஆட்டியிருக்கக் கூடாது."

அவள் ஹால் டிக்கெட்டைப் பிரித்து அத்தை முன்னால் நீட்டினாள். "கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க சொன்ன ஒரு சொல்லையும் நான் தட்டல, பெரியம்மா. இனியும் தட்டமாட்டேன். இந்த ஒரு காலைய மட்டும் எனக்கு விட்டுக் குடுங்க. மூணு வருசம் படிச்சது இதுக்குத்தான்."

உள்ளே முதல் மணி அடித்தது. எங்கள் வகுப்புப் பெண்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் போகிறவர்கள், பட்டுப்புடவையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள்.

அத்தை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். நேரம் தப்பிப்போய் நின்றால் பெண்ணைப் பெற்றவருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். கேள்வி செல்லக்கனியிடம் இல்லை, பொதுவாக வேனைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் சொல்லுதேன்" என்று ஒரு குரல் வந்தது.

அது அண்ணன் குரல் என்று உணர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வேன் படியில் நின்றபடி அவன் இன்னும் ஒரு வாக்கியம் பேசினான். "அவ எழுதட்டும், அத்த." அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவன் பிறந்து இருபத்தாறு வருஷத்தில் அத்தையை எதிர்த்து வந்த முதல் பேச்சு அது. அவனுக்குப் பின்னாலிருந்து அப்பாவும் தொண்டையைச் செருமிக்கொண்டு, நானும் பதில் சொல்லுதேன்க்கா என்றார்.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் சாமி பூதம் எல்லாம் ஞாபகம் வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் என்னைக்குப் பேசியிருக்கீய, இன்னைக்கு சம்பந்திகிட்டப் பேசிக் கிழிக்க?" என்றாள் அத்தை. "அதை நான் பாத்துக்கிடுதேன். நீ வா புள்ள."

அவ்வளவுதான். அதுவரைக்கும் எங்களுக்கு எதிராக நின்ற மலை, எங்கள் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டது.

ஆனால் அத்தை மனம் மாறினாளே தவிரச் சட்டம் மாறவில்லை. பெண் தனியாக வாசல் தாண்டக் கூடாது. மாப்பிள்ளையும் கூட வர வேண்டும். வாட்ச்மேன் தங்கச்சாமி குறுக்கே கையை நீட்டினார். இது பெண்கள் காலேஜ், அதிலும் பரீட்சை நாள், ஆம்பளைகளை விட்டால் தன் வேலை போய்விடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கதவுக்கு உள்ளே பத்தடி தூரத்தில், வேப்பமரத்தின் கீழ் எங்கள் காலேஜ் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அத்தையின் கண் அங்கே போனது.

"ஏன்யா, அந்தப் புள்ளையாரு ஆம்பளதான? அவர மட்டும் எப்படி உள்ள விட்டீரு?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள், தங்கச்சாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையார் வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு எட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிக் கையை எடுத்தார்.

அண்ணனும் செல்லக்கனியும் வலது காலை எடுத்துவைத்து ஜோடியாக வாசலைத் தாண்டினார்கள். நடுவழியில் கோயிலுக்கு விலக்கு உண்டென்பதால் அந்தச் சட்டமும் உடையவில்லை. அத்தை சீர்த் தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் உடைத்த உடைப்பில் அது சரிபாதியாக விழுந்தது. பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கிருபாதான் முதலில் தட்டினாள், பலமாகவும் தட்டினாள். இரண்டாவது மணி அடித்தது. நாங்கள் மூன்று பேரும் ஓடினோம், ஆறாம் வகுப்பில் ஓடியதற்கு அப்புறம் அப்படி ஓடியது அன்றைக்குத்தான்.

ஹாலில் மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மா வெளியூர்க்காரர், சிரிக்காத முகம். செல்லக்கனியின் மேஜையில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் நேராக வந்தார். இது என்ன என்றார். எலுமிச்சம்பழம் என்றாள் இவள். எதற்கு என்றார். கல்யாணமாகி மூன்றாம் நாள் என்றாள். அந்த அம்மா பழத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் சூத்திரம் ஏதும் எழுதியிருக்கிறதா என்று நகத்தால் கீறியும் பார்த்தார். பிறகு பழத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போகிற போக்கில் அவள் தலைக்கு மேலிருந்த ஃபேனையும் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

கேள்வித்தாளில் ஏணி இருந்தது. சுவரில் சாய்த்த ஏணி, அதில் ஒருவன் ஏறுகிறான், எவ்வளவு உயரம் போனால் ஏணி வழுக்கும்? முதல் நாள் கல்யாணப் பத்திரிகையின் முதுகில் பார்த்த அதே ஏணி. எனக்குக் கை பறந்தது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். செல்லக்கனி எழுத எழுத வளையல்கள் கலகலத்துப் பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்க்க, அவள் அத்தனையையும் முழங்கை வரைக்கும் ஏற்றி இறுக்கிவிட்டுக்கொண்டு எழுதினாள். பட்டுப்புடவை, பூ, வியர்வையில் கரைந்த சந்தனம், எதுவும் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. நிழலை அளந்து மரத்தின் உயரம் சொன்ன பிள்ளைதான் அங்கே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கி, ஒரு வரி முழுக்க மை ஊறிவிட்டது. அதற்கு மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கடைசி மணிக்கு வெகுநேரம் முன்பே கிருபா பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். எப்போதும் கடைசி ஆளாகக் கொடுக்கிறவள். போகும்போது என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கையில் காலையில் நான் கவனிக்காத ஒரு பெரிய பை இருந்தது. செங்கோட்டை பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். அவள் வீடு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் போனது அதற்கு நேர் எதிர்த்திசை. யோசிக்க நேரமில்லை, எனக்குக் கப்பிக் கணக்கு பாக்கியிருந்தது.

வெளியே நடந்ததை அப்புறம் சித்திமார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அத்தை வேனிலிருந்து இறங்கிக் காலேஜ் மதிலோரம் நிழலில் உட்கார்ந்தவள் எழவே இல்லையாம். ஹாரன் அடித்துக்கொண்டு வந்த பஞ்சு லாரிக்காரனைக் கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே பிள்ளைகள் பரீட்சை எழுதுது, உமக்கு என்ன அவசரம் என்று கேட்டாளாம். மகள்களுக்காகக் காத்திருந்த அப்பாமார்களிடம் ஒவ்வொருவராகப் போய், உங்க பிள்ளை என்ன படிக்கு, அதைப் படித்தால் என்ன வேலை என்று விசாரித்திருக்கிறாள். பெண் வீட்டில்தான் திறக்க வேண்டிய அதிரசச் சட்டியைத் தானே அவிழ்த்து எல்லாருக்கும் கொடுத்தாள். தங்கச்சாமிக்கு மட்டும் இரண்டு. அண்ணன் எதுவும் தின்னவில்லையாம். பிள்ளையார் பக்கத்திலேயே, வாட்ச்மேன் சொன்ன எல்லையில், ஹாலைப் பார்த்தபடி நின்றிருக்கிறான்.

மணி அடித்து நாங்கள் வெளியே வந்தோம். அத்தை எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள்.

"எல்லாத்துக்கும் எழுதுனியா?"

"எழுதிட்டேன், பெரியம்மா. கேட்டதுக்கு மேல ரெண்டு கணக்கு கூடவே போட்டுட்டேன்."

அத்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சீர் என்றால் ஒன்று கூடத்தான் வைக்க வேண்டும், பரீட்சைக்கும் அதுதான் முறை என்றாள். செல்லக்கனி அண்ணனைப் பார்த்தாள். அவன் வேன் கதவைத் திறந்துவிட்டான். காலையில் பேசிய பேச்சே அவனுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும் போலிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வரைக்கும் அப்பா வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார். ராகுகாலம் முடிந்து நெடுநேரம் ஆகிறது, எமகண்டம் பிறக்க மூன்று மணி ஆகும், நடுவில் கிடக்கிறது எல்லாம் நல்ல நேரம்தான் என்று அத்தை தீர்ப்பு சொன்னாள். காலையில் இதே அத்தைதான் பத்தரையைத் தாண்டினால் குடி முழுகிவிடும் என்றாள். எனக்கு அதைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அடக்கிக்கொண்டேன்.

சுயம்புலிங்கம் மாமா வீட்டு வாசலில் பந்தலுக்கு வெளியே நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. உள்ளே இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்துப் பல மணி நேரமாகியிருந்தது. உறவுக்காரர்கள் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன மனக்குறையோ, சீரில் என்ன குறைந்ததோ என்று அதற்குள் நாலுவிதமாகப் பேச்சு கிளம்பியிருந்தது. பாவம், காலையிலிருந்து அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இம்புட்டு நேரமா எங்க போயிட்டு வாரீய?" என்றார், யாரையும் பார்க்காமல்.

அண்ணன் முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். அத்தை அவனை ஓரமாக நகர்த்திவிட்டு நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க மக பரீட்சை எழுதுனா. நாங்க அம்புட்டுப் பேரும் வாசல்ல காவல் இருந்தோம். கோவிச்சுக்கிடணும்னா எங்கிட்டக் கோவிச்சுக்கிடுங்க."

மாமாவுக்கு அது எதிர்பாராத பதில். மகளைப் பார்த்தார். நெற்றியில் குங்குமம் கலைந்து, விரலெல்லாம் மையாக நின்றாள் அவள். பயந்துதான் நின்றாள். இத்தனை வருஷமாக இந்த மனிதரிடம் கலெக்டர் கேலி மட்டுமே கேட்டுப் பழகியவள்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சுப்பா. இதுதான் கடைசி."

அவர் பந்தலுக்குள் திரும்பி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எம் மக காலேஜ் கடைசிப் பரீட்சை எழுதிட்டு வந்திருக்கா. அதான் நேரமாயிருச்சு. சோறு ஆறிப் போச்சுன்னா ஆறட்டும், மறுபடி வடிப்போம்."

பந்தலே எழுந்து நின்றது. யாரோ குலவையிட, ஆலாத்தி எடுக்க நாலு பேர் போட்டி போட்டார்கள். செல்லக்கனி அப்பாவைப் பார்த்து அழுதாள், அவர் மகளைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கூச்சமே இல்லாமல் விசும்பி அழுதேன். அண்ணனும் அவளும் ஜோடியாக நிலைப்படி மிதித்து உள்ளே போனார்கள். அவளைத் தவிரப் பெண்கள் யாரும் காலேஜ் பரீட்சை என்று போயிராத அந்தத் தெருவில், அன்றைக்கு எல்லார் வாயிலும் பரீட்சைதான்.

கூட்டத்தில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். கிருபாவின் அம்மா தங்கபாய். பக்கத்துத் தெருவிலிருந்து விருந்துக்கு வந்திருந்தாள்.

"கிருபா உங்ககூட வரலையா? பரீட்சை முடிஞ்சதும் நேரா இங்க வந்துருதேன்னு சொல்லிட்டுப் போனாளே."

செங்கோட்டை பஸ்ஸும், அந்தப் பெரிய பையும், தோளில் அழுத்திய கையும் ஒரே நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தன. செல்லக்கனி தனக்கு வேண்டியதை நடுரோட்டில் நின்று வாய்விட்டுக் கேட்டாள், கிடைத்தது. கிருபா வீட்டில் கேட்காமலே போயிருக்கிறாள் என்றால், கேட்டால் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்காகப் பேச எங்கள் அத்தை மாதிரி அவள் வீட்டில் யாரும் இல்லை, நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

"வருவா, சித்தி. நல்லா எழுதியிருக்கா" என்றேன்.

எந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறினாள் என்று மட்டும் நான் சொல்லவில்லை.